நெல்லைச் சீமையின் பழைய கட்டடங்கள்: சிம்சிட்டி 4-லா, ஸ்கைலைன்ஸிலா?

கணினியில் ஊர் கட்டி விளையாடுகிறவர்கள் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் வேண்டுமென்று, விளையாடுகிறவர்கள் தாங்கள் செய்ததைப் பகிரும் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் தேடினால் என்ன வந்து விழும்? சிவப்புச் செங்கல் சுவர், வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல், கூரைமேல் இரண்டு புகைபோக்கி. பாளையங்கோட்டை வெயிலில் கணப்பு மூட்டிக் குளிர்காய எவன் இருந்தான்? சரி, இந்தியா என்று சேர்த்துத் தேடினால் குமிழ் மாடங்களும் மினாருமாக இந்தோ-சாரசெனிக் பாணி வரும். அது 1892-ல் திறந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் வகையறா. நெல்லையில் அதை நட்டால், சென்னையிலிருந்து யாரோ பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரிதான் நிற்கும்.

நம் பக்கத்துச் சங்கதி வேறு. மிஷனரிகள் கட்டிய கோதிக் ஆலயங்கள், வராந்தா சுற்றிய ஓட்டுப் பங்களாக்கள், அதே அச்சில் நீட்டி வார்த்த பள்ளிக்கூடங்கள், தாமிரபரணியின் மேல் ஒரு வளைவுப் பாலம். இதையெல்லாம் நாமேதான் செய்தாக வேண்டும். எந்த விளையாட்டுக்காகச் செய்வது என்பதுதான் கேள்வி. 2003-ல் வந்து இன்னும் சாகாத சிம்சிட்டி 4 ஒன்று, 2015-ல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் இன்னொன்று. ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பாகம் 2023 அக்டோபரில் வெளியானபோது சொந்த மாடலை உள்ளே ஏற்றும் எடிட்டர் அதில் இல்லை. அது கேட்கும் கிராபிக்ஸ் கார்டும் என் மேசையில் இல்லை. அதனால் இங்கே அதைச் சேர்க்கவில்லை.

என் தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரத்துக்குச் சிம்சிட்டி, வராந்தாவுக்கு ஸ்கைலைன்ஸ். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வராந்தா பக்கம் போங்கள்.

அடிப்படை வித்தியாசம் இதுதான். சிம்சிட்டி 4-ல் நீங்கள் செய்யும் முப்பரிமாண மாடல் அப்படியே விளையாட்டுக்குள் போவதில்லை. பேட் என்று எல்லோரும் கூப்பிடும் கருவி, ஜிமேக்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் ஓடுகிறது. அது மாடலை நான்கு திசைகளிலிருந்து, ஐந்து ஜூம் அளவுகளில், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் படம் பிடித்து, அந்தப் படங்களை ஒரு எளிய கூட்டின்மேல் ஒட்டிவிடுகிறது. மாடலின் பரப்பு முழுக்கக் குட்டி முக்கோணங்களால் ஆனது; ஆனால் இங்கே எத்தனை முக்கோணம் இருந்தாலும் விளையாடுகிறவரின் கணினிக்குப் பாரமில்லை. படம் பிடிக்கும்போது உங்கள் கணினிதான் திணறும். ஸ்கைலைன்ஸ் அப்படியல்ல. பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்து, எஃப்.பி.எக்ஸ் கோப்பாக மாற்றி, விளையாட்டின் அசெட் எடிட்டரில் ஏற்றினால் அந்த மாடலே உள்ளே போகிறது. கேமராவை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், தெருவில் இறங்கி நின்று அண்ணாந்தும் பார்க்கலாம். அதற்கு விலையாக, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்று எல்.ஓ.டி எனப்படும் குட்டி மாடல் ஒன்றையும் கூடவே செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் விளையாட்டே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது பார்க்கச் சகிக்காது.

கோபுரங்களை எடுத்துக்கொள்வோம். முருகன்குறிச்சியில் நிற்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826-ல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் எழுந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, ஊசிக்கோபுரம் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். மெஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி, அதாவது ஏறக்குறைய 58 மீட்டர். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். பழைய கணக்கில் திருநெல்வேலிச் சீமைதான். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயம் வேலை தொடங்கி 33 ஆண்டுகள் இழுத்து 1880-ல் பிரதிஷ்டையானது. கூர்வளைவு ஜன்னல், அதற்குள் கல்லில் பின்னிய வேலைப்பாடு, சுவருக்கு முட்டுக்கொடுக்கும் புறத்தூண்கள், உச்சியில் ஊசியாய் ஒடுங்கும் முனை என்று கோதிக் கட்டடத்தில் கண்ணைப் பிடிப்பது எல்லாமே மெல்லிய கோடுகள்.

இந்த மெல்லிய கோடுகள்தான் ஸ்கைலைன்ஸில் பிராணனை வாங்கும். கேமரா கொஞ்சம் நகர்ந்தாலும் கோபுர முனை மினுக்கும். இன்னும் பின்னால் போனால் எல்.ஓ.டி முன்னே வந்து, ஊசி மழுங்கி முளைக்குச்சியாக நிற்கும். எல்.ஓ.டி-யில் கோபுரத்தைக் கொஞ்சம் தடிமனாக்கி ஏமாற்றலாம். ஆனால் மாடல் மாறுகிற அந்த நொடியில் கோபுரம் வீங்குவது தெரியும். சிம்சிட்டியில் இந்தத் தொல்லையே இல்லை. கேமராக் கோணம் மாறாது, படம் முன்பே தீர்மானமானது. ஜன்னல் வேலைப்பாட்டை முழுக்க மாடலாகவே செய்தாலும் கேள்வி கிடையாது. நிழலும் படத்துக்குள்ளேயே பதிந்து வருவதால் புறத்தூண்களுக்கு நடுவே இருட்டு அழகாக விழும். மாடலின்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரை ஒரே தாளில் விரித்து அடுக்கும் எரிச்சலான வேலையும் இங்கே இல்லை. சுவருக்கு ஒரு மெட்டீரியலைப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும்.

இரவிலும் சிம்சிட்டிதான் முன்னே. மாடலுக்குள் நிஜமாகவே விளக்கு வைத்துப் படம் பிடிப்பதால் வெளிச்சம் வாசல்படியில் விழும், பக்கத்துத் தூணில் படரும். ஸ்கைலைன்ஸில் எந்த இடம் ஒளிர வேண்டும் என்பதை ஒரு டெக்ஸ்சரில் வரைந்து கொடுக்கிறோம். ஜன்னல் மட்டும் மினுங்கும், பக்கத்துச் சுவருக்கு அதில் பங்கில்லை. வாசலுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் தனியாக விளக்கு வைக்க வேண்டும்.

கோபுரச் சண்டை அதோடு முடிந்தது. பங்களாவுக்கு வந்தால் எல்லாம் தலைகீழாகிறது.

பாளையங்கோட்டையின் மிஷன் பங்களாக்களையும் பழைய பள்ளிக்கூடங்களையும் பாருங்கள். மேடாக்கிய தளம். நான்கு பக்கமோ மூன்று பக்கமோ வராந்தா. சுண்ணாம்புப் பூச்சில் வழவழவென்று உருண்டைத் தூண்கள். சாய்பலகை வைத்த மரக் கதவு. நடு அறையின் கூரை உயர்ந்து, வராந்தாக் கூரை ஒரு படி தாழ்ந்து, இரண்டுக்கும் நடுவில் சூடான காற்று வெளியேறச் சின்னச் சின்னத் திறப்புகள். முன்னால் குதிரை வண்டி வந்து நிற்க ஒரு போர்ட்டிகோ. இந்தக் கட்டடத்தின் உயிர் சுவரில் இல்லை. சுவருக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற எட்டு, பத்தடி நிழலில் இருக்கிறது.

சிம்சிட்டி அந்த நிழலைக் காட்டாது. கேமரா மேலேயிருந்து சாய்வாகப் பார்க்கிறது, வராந்தாக் கூரையோ தாழ இறங்குகிறது. கடைசியில் கண்ணில் படுவது ஓடு மட்டும்தான். நீங்கள் உட்கார்ந்து கடைந்தெடுத்த தூண்களின் அடிப்பாகம் மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். சிலர் கூரையை உயர்த்தி, வராந்தாவைத் திறந்து காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் அது பங்களா இல்லை, கல்யாண மண்டபம்.

ஸ்கைலைன்ஸில் தெருமட்டத்துக்கு இறங்கினால் வராந்தா வராந்தாவாகவே இருக்கும். இதில் அதிகம் பேர் தொடாத ஒரு வசதியும் உண்டு: தீம் எடிட்டரில் ஊரின் அட்சரேகையை மாற்றலாம். அதில் 8.7 என்று நம் ஊர்க் கணக்கைக் கொடுத்தால் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு வரும். இறவாரத்தின் நிழல் சுவர் முழுக்க இறங்கி மூடும். ஐரோப்பாவின் சாய்ந்த வெயிலில் இதே மாடல் வெளுத்துப்போய், வராந்தா எதற்கு என்றே புரியாமல் நிற்கும்.

தூணுக்குப் பயப்பட வேண்டாம். எட்டுப் பக்கம் வைத்து ஓரங்களை மழுப்பினால் உருண்டையாகவே தெரியும். ஒரு தூணுக்கு 16 முக்கோணம், இருபது தூணுக்கு 320, அவ்வளவுதான். சிக்கல் எல்.ஓ.டி-யில்தான் வரும். தூண்களை எடுத்துவிட்டால் தூரத்தில் வெறும் சுவராகிறது, விட்டுவைத்தால் முக்கோணம் எகிறுகிறது. நான் செய்வது: தூண்கள் இருந்த வரிசையிலேயே ஒரு தட்டைப் பலகையை நிறுத்தி, அதில் கருநிழல் பட்டையும் அதன்மேல் வெள்ளைக் கோடுகளாகத் தூண்களும் வரைந்துவிடுவேன். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஓட்டில் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. நாம் மங்களூர் ஓடு, சீமை ஓடு என்று சொல்லும் தட்டை ஓட்டை மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை வைத்து வார்க்கத் தொடங்கியது 1865-ல். அப்புறம்தான் அது தெற்கே பரவியது. ஆகவே 1840-ம் ஆண்டுப் பங்களா என்று பெயர் வைத்துவிட்டு அந்த ஓட்டைப் போட்டால் கணக்கு உதைக்கும். அந்தக் காலத்துக்கு நாட்டு ஓடு, பனையோலை, இல்லையென்றால் உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். மாடலில் இது பெரிய வேலை இல்லை, கூரை டெக்ஸ்சரை மாற்றினால் முடிந்தது. ஓட்டு வரிகளுக்கு நடுவே கறுப்பை மட்டும் அழுத்திப் போடாதீர்கள், தூரத்தில் கூரை முழுக்க அலையடிக்கும்.

எங்கள் தெருவில் கொத்து வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஒரு கார்த்திகை மழைகூடப் பாக்காத சுவரா இருக்கு?" என்றார். அவர் சொன்னது சரி. நம் ஊர்ப் பழைய சுவர் வெள்ளையாக இருப்பதில்லை. கைப்பிடிச் சுவரின் தூம்புக்குக் கீழே கறுப்பாக ஒரு வழிசல் இருக்கும், ஜன்னல் படிக்குக் கீழே இரண்டு ஓரமும் மீசை மாதிரி இறங்கியிருக்கும், தரையோரம் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். சிம்சிட்டியில் இந்தக் கறையை இடத்துக்கு இடம் வேறாகப் பூசலாம். ஸ்கைலைன்ஸில் ஒரே சுவர்த் துண்டு திரும்பத் திரும்ப வருவதால் எல்லா ஜன்னலுக்குக் கீழும் ஒரே கறை அச்சடித்தாற்போல் வரும். அதனால் டெக்ஸ்சர் தாளில் சுத்தமான சுவருக்கும் கறைபட்ட சுவருக்கும் தனித்தனிப் பட்டை ஒதுக்கி, மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும்.

இதற்கு ஈடாக ஸ்கைலைன்ஸ் கொடுப்பது நிறம். ஒரு கட்டடத்துக்கு நான்கு நிறங்கள் குறித்துவைத்தால் விளையாட்டே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். சுண்ணாம்பு வெள்ளை, காவி மஞ்சள், வெளிறிய நீலம், அரசாங்கக் கட்டடச் சிவப்பு என்று கொடுத்தேன். ஒரே பங்களா ஒரு தெருவையே நிரப்பிவிட்டது. பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், பங்களா மூன்றும் ஒரே டெக்ஸ்சர் தாளில் ஓடும்படி வைத்தால், லோடிங் ஸ்கிரீன் மோட் என்ற கூடுதல் நிரல் அதை ஒருமுறை மட்டும் நினைவகத்தில் ஏற்றும். கோபுரம் ஊருக்கு ஒன்று போதும்; பங்களா, பள்ளிக்கூடம் என்றால் தெருத்தெருவாக வேண்டும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வராந்தா பக்கம் போங்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

இடம் ஒதுக்குவதில் மட்டும் ஸ்கைலைன்ஸ் கஞ்சன். தானாக முளைக்கும் கட்டடத்துக்கு நான்குக்கு நான்கு கட்டம்தான், ஒரு கட்டம் எட்டு மீட்டர், ஆக 32 மீட்டருக்கு மேல் போக முடியாது. மிஷன் காம்பவுண்டு அதற்குள் எப்படி அடங்கும்? புளியமரத்துக்கே பாதி இடம் போய்விடும். தானாக முளைக்க விடாமல், பிளாப்பபிள் ரிகோ மோட் போட்டுக் கையால் நடுவதுதான் வழி. மரங்களில் இரண்டு விளையாட்டும் ஒன்றுதான்: கூடவே வரும் மரங்களில் பனை கிடையாது. தென்னைச் சாயலில் இருப்பதை வைத்துச் சமாளித்தால் இடையன்குடி இடையன்குடியாக இருக்காது. தேரிச் செம்மணலும் பனையும் சேர்ந்ததுதான் அந்த ஊர்.

கடைசியாகப் பாலம். சுலோசன முதலியார் தம் பணத்தைப் போட்டுக் கட்டி 1843-ல் திறந்த பாலம். வடிவமைத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஹார்ஸ்லி, லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்தது. ஒவ்வொன்றும் அறுபதடி நீளத்துக்குத் தாண்டும் பதினொரு வளைவுகள். பின்னாளில் அகலப்படுத்தினார்கள், நான் சொல்வது பழைய உருவத்தை.

அறுபதடி என்றால் 18.3 மீட்டர். சிம்சிட்டியின் கட்டம் 16 மீட்டர், கட்டத்துக்கு ஒரு வளைவு என்று வைத்தால் கிட்டத்தட்டச் சரியாக உட்காரும். ஆனால் அங்கே புதிதாக ஒரு பாலத்தைச் சேர்ப்பது வீடு சேர்ப்பது போல் இல்லை. சாலை அமைப்பின் உள்கோப்புகளைத் தோண்ட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்கைலைன்ஸில் சாலைத் துண்டின் மாடல் 64 மீட்டர் நீளம். அதில் 18.3 மீட்டர் வளைவு மூன்றரை வரும், அரை வளைவை வைத்து என்ன செய்வது? நான்கு வைத்தால் ஒவ்வொன்றும் 16 மீட்டர், மூன்று வைத்தால் 21. நான்கைத் தேர்ந்தெடுங்கள், மூன்று வைத்தால் வளைவு சப்பையாகிவிடும். சாலையை இழுக்கும்போது துண்டு நீளுவதால் வளைவும் கூடவே நீளும். துண்டுகளை ஒரே அளவில் பார்த்து இழுக்க வேண்டும். பழைய பாலத்தின் அகலம் 21 அடி சொச்சம், ஆறரை மீட்டர். விளையாட்டில் சாதாரண இருவழிச் சாலையே 16 மீட்டர். அதன்படி விட்டால் பக்கவாட்டில் அழகாக இருக்கிற பாலம் மேலேயிருந்து பார்க்கையில் நான்குவழிச் சாலை கணக்காகக் கிடக்கும். ரோடு எடிட்டரில் நடைபாதையை எடுத்துவிட்டு, ஒடுக்கமான ஒருவழிச் சாலையாகச் செய்துகொண்டால், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நின்று பார்க்கிறவருக்குக் கைப்பிடிச் சுவரும் வளைவும் சரியான அளவில் தெரியும். எதிர்க்கரையிலிருந்து திரும்பி வர இன்னொரு பாலம் போட்டாக வேண்டும், அது வேறு செலவு.