முகத்துக்கு எது: டிரை பிரஷ்ஷா, நலங்கு மாவா, ஆசிட் சீரமா?

போன வருஷம் என் நாத்தனார் ஒரு முகப் பிரஷ் வாங்கித் தந்தார். மரக் கைப்பிடி, ஆட்டு முடியில் செய்த மெத்தென்ற பிரஷ். காலையில் முகம் கழுவுவதற்கு முன் உலர்ந்த தோலில் இரண்டு நிமிஷம் தேய்த்தால் போதும் என்றார். முதல் பத்து நாள் முகம் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. நாலாவது வாரம் இரண்டு கன்னமேட்டிலும் பழுப்பாக ஒரு நிழல் விழுந்தது. அது மங்கி மறைய ஐந்து மாதம் ஆனது. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் முதலில் கேட்கும் கேள்வி, எது அதிகப் பளபளப்பு தரும் என்பதல்ல. எது கறுப்புத் தழும்பு விடாமல் வேலையை முடிக்கும் என்பதே. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நம் தோலில் சின்ன உராய்வு, சின்னப் புண், ஒரு பரு என்று எது வந்து போனாலும் மெலனின் என்ற நிறமி கூடி அந்த இடம் கறுத்துவிடுகிறது. சிவந்த தோல்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இந்தக் கவலை அவ்வளவாக இருக்காது.

பிரஷ், நலங்கு மாவு, சீரம் எனும் ஆசிட் கலந்த பூசு திரவம், இந்த மூன்று முறைகளும் கை வைப்பது ஒரே இடத்தில்தான்: தோலின் மேல்மட்டத்தில் இருக்கும் இறந்த செல்களின் படலம். பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான். நாம் எழுதும் சாதாரணத் தாளே சுமார் 100 மைக்ரான் இருக்கும். இந்த மெல்லிய படலம்தான் உடம்பின் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது, தூசியையும் கிருமியையும் வெளியே நிறுத்துகிறது. இளம் வயதில் மூன்று நாலு வாரத்தில் அது தானாகவே உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும், வயது கூடக்கூட இது மெதுவாகும். ஆக, நாம் செய்வது தானாக நடக்கும் வேலைக்கு ஒரு சின்னக் கை கொடுப்பது மட்டும்தான்.

பிரஷ்

பிரஷ்ஷில் பெரிய பிரச்சினை, அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. முகத்தில் மேடான இடங்கள் கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தாடை ஓரம். தேய்ப்பில் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. செத்த தோலும் எண்ணெய்யும் உண்மையில் தேங்கி நிற்பதோ மூக்குமடல் ஓரத்திலும் உதட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்திலும். முடி அங்கே சரியாகப் போய்ச் சேராது. எனக்கு நிழல் விழுந்த இடம் கன்னமேடு என்பது தற்செயல் இல்லை. போதாததற்கு, உலர்ந்த தோலில் வழுக்கல் கிடையாது. மென்மையான முடியாக இருந்தாலும் தினமும் தேய்த்தால் உராய்வு சேர்ந்துகொண்டே போகும். உடம்புக்கென்று விற்கும் நார் பிரஷ்ஷை முகத்தில் வைக்கவே கூடாது. முதுகிலும் கழுத்திலும் நைலான் துண்டு, பீர்க்கங்காய் நார் போட்டுப் பல வருஷம் அழுத்தித் தேய்த்தவர்களுக்குத் தோல் கறுத்துத் திட்டாகிப் போவதைத் தோல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். உராய்வுக் கருமை என்றே அதற்குப் பெயர்.

பிரஷ்ஷுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொன்று, அது நிணநீர் ஓட்டத்தை, அதாவது தோலுக்கடியில் சேரும் உபரி நீர் வடிவதைக் கூட்டும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் இருக்கும் வீக்கம் தோலுக்கடியில் தேங்கிய நீர். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் கழுத்திலும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை நோக்கி மிக லேசாக நீவினால் அது கொஞ்சம் வடியும். ஆனால் அதற்கு முடி தேவையில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் தொட்ட விரல்நுனி போதும், தோலும் இழுபடாது. 'நச்சு வெளியேறும்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

சரி, அந்த முதல் பத்து நாள் பளபளப்பு? தேய்த்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடுவதும், மேலே தூக்கிக்கொண்டிருந்த செதில்கள் உதிர்வதும்தான் காரணம். அது மதியத்துக்குள் அடங்கிவிடும்.

நலங்கு மாவு

இது எனக்குப் பிடித்தது. அதனாலேயே இதன் குறைகளையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு மாவில் பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் இருக்கும். பயற்றுமாவு எண்ணெய்யை உறிஞ்சி எடுக்கும், சோப்பைப்போல் தோலை வறட்டாது. நலங்கு மாவு செய்யும் நல்ல வேலை இந்தச் சுத்தம்தான். செத்த செல்லை எடுப்பது மாவின் துகள், அங்கேதான் கவனம் வேண்டும். மில்லில் அரைத்ததை அப்படியே பூசினால் வெட்டிவேர்த் துணுக்கும் கிழங்குச் சிம்பும் முகத்தைக் கீறும். சித்த மருந்துக்குச் செய்வதுபோல் வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து எடுத்த தூளைத்தான் முகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கப்பி எல்லாம் கை காலுக்கு. மில்லில் மிளகாய் அரைத்த கையோடு அரைக்க விடாதீர்கள். ஒரு தடவை அப்படி வந்த மாவில் முகம் காந்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதைவிட முக்கியமானது கார்போக அரிசி. நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுச் சாமான் கேட்டால் பெரும்பாலும் இதையும் சேர்த்தே கட்டித் தருவார்கள். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெயில் பட்டதும் தோலைத் தூண்டிக் கறுக்க வைக்கும் பொருள் அது. வெண்புள்ளி வைத்தியத்தில் கார்போக அரிசி பயன்படுவதே இந்தக் குணத்துக்காகத்தான். முகம் வெளுக்க வேண்டும் என்று பூசிக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு இது நேர் எதிர். முகத்துக்கான பொடியில் அதை விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் வேண்டாம், வெயிலோடு சேர்ந்தால் அதுவும் தழும்பு விடும்.

தயிரில் குழைத்தால் லாக்டிக் ஆசிட் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், ஆனால் தயிரில் அது சுமார் 1 சதவீதம்தான். சீரத்தில் வருவது 5 முதல் 10 சதவீதம். தயிர் குளிர்ச்சி தரும், மாவு வழுக்கிப் போக உதவும். அதுவே நல்ல லாபம்தான்.

ஆசிட் சீரம்

பெயரைக் கேட்டாலே என் அம்மாவுக்குப் பயம். ஆசிட் என்றால் கழிவறை ஞாபகம்தான் வருகிறது அவருக்கு. ஆனால் மூன்றிலும் தேய்ப்பே இல்லாதது இது ஒன்றுதான். இறந்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதப் பிடிப்பை இது தளர்த்துகிறது. மேடு, பள்ளம், மூக்குமடல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வேலை நடக்கிறது. மீன்செதில்போலத் தோல் தடிக்கும் நோய்க்கு இந்த வகை ஆசிட்கள் பலன் தருவதை வான் ஸ்காட், யூ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974-இல் எழுதினார்கள். அழகுக் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

வறண்ட, சாதாரணத் தோலுக்கு லாக்டிக் ஆசிட் 5 சதவீதத்தில் தொடங்கலாம். கிளைகாலிக் என்ற இன்னொரு ஆசிட்டைவிட மூலக்கூறு பெரியது, மெதுவாக இறங்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். எண்ணெய் வழிந்து பரு வரும் முகத்துக்கு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட். அது எண்ணெய்யில் கரைவதால் துளைக்குள் போகும். வாரம் இரண்டு ராத்திரி போதும். இதன் பலவீனம் வெயில். பூசும் காலத்திலும் நிறுத்தி ஒரு வாரம் வரையிலும் சன்ஸ்கிரீன் கட்டாயம். சன்ஸ்கிரீன் தினமும் பூச மாட்டேன் என்பவர்கள் சலித்த பயற்றுமாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

என் தீர்ப்பு: செத்த செல்லை எடுக்க லாக்டிக் ஆசிட், தினசரிச் சுத்தத்துக்குத் தேய்க்காமல் பூசிக் கழுவும் பயற்றுமாவு, முகத்தில் பிரஷ் வேண்டாம். பிரஷ்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வாரம் ஒரு முறை, பூனையைத் தடவும் அழுத்தத்தில், அரை நிமிஷம். ஆசிட் பூசும் நாளிலும் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சு பூசும் நாளிலும் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் பாத்ரூமில் வைத்தால் முடியில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு தடவை ஷாம்பூவில் அலசி, வெளிக்காற்றில் உலர்த்துங்கள்.

சிலருக்கு இந்த அளவுகூடக் கூடாது. சீழ்ப்பரு இருந்தால் தேய்ப்பது புண்ணாக்கும். தட்டை மரு இருந்தால் தேய்த்த வழியெல்லாம் பரவும். வெண்புள்ளி, சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு உராய்ந்த கோட்டிலேயே புதுத் திட்டு கிளம்பலாம். மங்கு உள்ளவர்களுக்கு உராய்வு அதை இன்னும் அடர்த்தியாக்கும். எல்லாரையும்விட எனக்குக் கவலை தருகிறவர்கள், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த 'வெள்ளையாகும்' கிரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள். அவர்கள் தோல் ஏற்கெனவே மெலிந்து, சின்ன ரத்தக் குழாயெல்லாம் வெளியே தெரியும். அவர்களுக்குப் பிரஷ், மாவு, ஆசிட் மூன்றும் வேண்டாம். முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கிரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொதித்துச் சிவக்கும், எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.