பழைய ஆங்கிலக் கப்பற்சொற்களுக்கு பாஸ்வொர்த்–டாலர் இணைய அகராதி எவ்வளவு உதவும்?

1066இல் நார்மானியர் வருமுன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் துடுப்புக்கும் பாய்க்கும் நங்கூரத்துக்கும் என்ன பெயர் வழங்கியது என்று தேடுபவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் முதல் கருவி, பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பாஸ்வொர்த்–டாலர் இணையப் பதிப்பு. ஜோசஃப் பாஸ்வொர்த் தொடங்கி, அவருக்குப் பின் நார்த்கோட் டாலர் என்ற அறிஞர் 1898இல் முடித்த மூல அகராதியும், டாலர் 1921இல் முடித்த பிற்சேர்க்கையும் இதில் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள் தருவதுதான் இதன் பெரும் பலம். ஆனாலும் கப்பற்சொற்களுக்கு இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

குறை அகராதி உருவான விதத்தில் இருக்கிறது. பாஸ்வொர்த் 1876இல் இறந்தார். ஏ முதல் ஜி வரையான தொடக்க எழுத்துகள் பெரும்பாலும் அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே வந்தன. பிந்தைய எழுத்துகளில்தான் டாலரின் நுணுக்கமான உழைப்பு தெரியும். கப்பற்சொற்களில் பெரும்பங்கு அந்தப் பலவீனமான முன்பகுதியில் விழுகிறது: துடுப்பைக் குறிக்கும் ‘ஆர்’, ‘அங்கோர்’ என்ற நங்கூரம், ‘பாட்’ என்ற படகு, இடப்பக்கமான ‘பாக்போர்ட்’, கலங்களைக் குறிக்கும் ‘சேயோல்’, ‘க்னெயர்’, ‘ஃப்ளோட்டா’. இந்தச் சொற்களுக்கு மூலப் பதிவோடு நின்றுவிடாமல் பிற்சேர்க்கைப் பதிவையும் படித்தே ஆக வேண்டும். திருத்தங்கள் அங்கேதான் இருக்கின்றன. ‘ஷிப்’, ‘செயில்’ என்று இன்றும் வாழும் சொற்களின் பழைய வடிவங்கள் எஸ் எழுத்தில் வருவதால் அவற்றில் இந்தச் சிக்கல் குறைவு.

மேற்கோள் குறியீடுகளைப் படிக்கப் பழகாவிட்டால் பாதிப் பயன் போய்விடும். பேயோவுல்ஃப் காவியத்துக்கு இரண்டு எண்கள் தருவார்கள். முதலாவது, 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் தோர்ப்பின் பதிப்பிலுள்ள அரையடி எண். ஏறத்தாழ இரட்டிப்பாக இருக்கும். இன்றைய பதிப்போடு ஒப்பிட, ‘பி’ (B) என்ற எழுத்தை அடுத்து வரும் இரண்டாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பிலும் இதுபோல் ஒரு பொறி உண்டு. ஆல்ஃபிரெட் அரசர் நீண்ட கப்பல்கள் கட்டிய செய்தி அகராதியில் 897 என்று வரும். இன்றைய பதிப்புகள் அதை 896 என்கின்றன. தேடுவதற்கு அருமையான பத்தி அது. புதிய கப்பல்கள் மற்றவற்றைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளம், சிலவற்றில் 60 துடுப்புகள், சிலவற்றில் அதற்கும் மேல், ஃப்ரீசிய அமைப்புமில்லை டேனிய அமைப்புமில்லை. எதிரிகளின் கலங்களை அங்கே ‘ஆஷ்’ என்கிறார்கள். அகராதியிலோ அதே தலைச்சொல்லின் கீழ் முதலில் மரம், பிறகு ஈட்டி, அதன் பிறகே கப்பல். பதிவின் கடைசி வரை இறங்கிப் பார்க்காதவர் கப்பலைத் தவறவிடுவார். ‘ஆர்’ என்று தேடினாலும் தூதர், மதிப்பு என வேறு சொற்கள் கூடவே வரும்.

அடுத்து, ஒரு சொல்லைக் கடலோடிகள் உண்மையிலேயே வாயால் சொன்னார்களா என்ற கேள்வி. அதற்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பழைய ஆங்கிலச் சொற்களஞ்சியம் வேண்டும். 1995இல் அச்சில் வந்தது. இப்போது இணையத்திலும் இலவசம். பொருள் வாரியாக 18 பெரும்பிரிவுகள். மேற்கோள் ஒன்றுகூட இராது, ஆனால் சொல்லின் அருகே நிற்கும் நான்கு குறிகள் விலைமதிப்பற்றவை: ஒரே முறை வருவது ‘ஓ’ (o), செய்யுளில் மட்டும் வருவது ‘பி’ (p), லத்தீன் சொல்லுக்கு எழுதிய உரைக்குறிப்பில் மட்டும் வருவது ‘ஜி’ (g), ஐயத்துக்குரியது ‘கியூ’ (q). ‘அலைக்குதிரை’, ‘கடல்மரம்’ போன்ற பெயர்கள் புலவர்களுடையவை, துறைமுகப் பேச்சு அல்ல என்பதை ‘பி’ உடனே காட்டிக்கொடுக்கும்.

‘ஜி’ குறிக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. லத்தீன் சொற்பட்டியல்களின் கப்பல் பகுதிகளில் ஏழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஆயர் இசிடோரின் கலைக்களஞ்சிய நூலிலிருந்து எடுத்தவை நிறைய. அவை மத்தியதரைக்கடல் கப்பலின் உறுப்புகள். மடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஈடுசொல் எழுதியவர், அந்த உறுப்பு தம் ஊர்க் கலத்தில் இருந்ததா என்று பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ‘ஜி’ இட்ட சொல்லை வைத்து ஆங்கிலோ-சாக்சன் கப்பலின் கயிற்றமைப்பை வரையக் கூடாது. பாஸ்வொர்த்–டாலரில், தாமஸ் ரைட் தொகுத்து வெளியிட்ட அத்தகைய லத்தீன் சொற்பட்டியல்களைக் குறிக்கும் சுருக்கம் மட்டுமே சான்றாக நின்றால் அங்கும் இதே எச்சரிக்கைதான். பாயைத் தாங்கும் பருமலின் பெயரான ‘செயில்-யார்ட்’ இப்படித்தான் லத்தீன் ‘அன்டென்னா’வுக்கு ஈடாக வருகிறது.

டொரண்டோவின் பழைய ஆங்கில அகராதி சந்தா கேட்கும். எழுத்து வரிசைப்படி வெளியாகிக்கொண்டிருக்கிறது, எஸ்-க்கு இன்னும் வரவில்லை. ஆனால் பாஸ்வொர்த் தளர்ந்த முன்னெழுத்துகளில் இது மிக வலுவானது: எழுத்துவடிவங்கள், எத்தனை இடங்களில் வருகிறது, செய்யுளா உரைக்குறிப்பா என எல்லாமே பதிவின் தலைப்பிலேயே இருக்கும். நூலகம் வழியாக அணுக முடிந்தால், துடுப்பு, நங்கூரம், படகு மூன்றையும் இதில்தான் முதலில் பார்க்க வேண்டும். பாய், பாய்மரம், சுக்கான் ஆகியவற்றுக்கு டாலரிடம் போகலாம்.