குரூப் 4: தனியாகப் படிப்பதா, ஜோடி சேர்ந்தா?

தமிழக அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. மூன்றுக்கும் ஒரே படிப்பு முறை சரிப்படாது.

தனியாகத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் பெரும்பாலோர் வழி. சமச்சீர் பள்ளிப் புத்தகத்தை மூன்றாம் முறை புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

ஜோடியாகக் கேள்வி கேட்டுப் படிப்பதன் பலமும் அதுதான்: புத்தகம் மூடியிருக்கும். சீட்டில் எழுதி வைத்துத் தனியாகவும் இதைச் செய்யலாம். ஆனால் சீட்டைத் திருப்பிவிட்டு “இதைத்தானே நினைத்தேன்” என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம். எதிரே ஒருவர் இருந்தால் அது நடக்காது. நூலும் ஆசிரியரும், அடைமொழிகள் போன்ற தமிழ்ப் பகுதிக்கு இதுவே போதும். ஒரே தொல்லை, இரக்கப்பட்டுத் துப்புக் கொடுக்கும் நண்பர். புரட்சிக்கவி யார் என்று கேட்டுவிட்டு “பா-வில் ஆரம்பிக்கும்” என்பார். (பாரதியும் பா-தான், அது வேறு விஷயம்.)

அரசியலமைப்புக்கு விளக்கிச் சொல்வதே மேல் என்பேன். நீதிப்பேராணை (ரிட்), அதாவது உரிமையைக் காக்க நீதிமன்றம் இடும் ஆணை: பிரிவு 32, உச்ச நீதிமன்றம். 226, உயர் நீதிமன்றம் என்று மனப்பாடம் செய்துவிடலாம். “இரண்டும் நீதிப்பேராணைதானே, அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று எதிரில் இருப்பவர் கேட்டால்தான் நம் ஓட்டை தெரியும். 32-இன்கீழ் அடிப்படை உரிமைக்காக மட்டுமே போகலாம். 226 மற்ற சட்ட உரிமைகளுக்கும் பொருந்தும். இப்படி ஒருமுறை வாயால் சொன்னவருக்கு எண்கள் குழம்புவது குறைவு. நன்னூலில் பவணந்தியார் போட்ட கணக்கும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: ஆசிரியரிடமிருந்து கால் பங்கு, உடன் பயில்வோரிடம் கால், பிறருக்கு உரைப்பதால் மீதி அரை.

ஐந்தாறு பேர் கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் பதில் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

கணக்கில் ஜோடி கொஞ்சம் ஆபத்தும்கூட. கூட்டுவட்டிக் கணக்கை நண்பர் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரியும், தேர்வறையில் கை ஓடாது. இருவரும் தனித்தனியே போட்டு, விடை வேறுபட்டால் மட்டும் பேசுங்கள்.