போர்ட் லூயிஸ் ஆப்ரவாசி காட்: பதினான்கு பிள்ளைகளோடு ஒரு காலை

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் மூன்றாவது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், டிவியில் பிரெஞ்சு. ஆங்கிலம் பாடப்புத்தகத்தோடு சரி. மதுரையில் நான் பார்த்த அதே தயக்கம்தான் இங்கேயும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள், பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதனால்தான் வெளியே கூட்டிப் போக ஆரம்பித்தேன். போன தடவை பாம்ப்ளமூஸ் தோட்டம். தாம்பாளம் மாதிரி மிதக்கும் ராட்சத அல்லி இலைகளைப் பார்த்துக் குதித்தார்கள். ஆனால் 'பிக்', 'கிரீன்' இரண்டோடு பேச்சு நின்றுவிட்டது.

இந்தத் தடவை தலைநகர் போர்ட் லூயிஸில், அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சரித்திரம் என்று ஒரு அம்மா கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, போய்வந்தபின் இல்லை.

துறைமுகத்தை ஒட்டிய சின்ன இடம்தான். 1849இல் கட்டிய குடியேற்றக் கூடத்தில் கொஞ்சம்தான் மிச்சம். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கல்கத்தா, மதராஸ், பம்பாய் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் ஏறிய பதினாறு கல்படிகள், ஆஸ்பத்திரிப் பகுதி, சமையற்கட்டின் சுவடுகள். 1834 முதல் 1920 வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் நான் சொல்லவில்லை. கரிய படிகளுக்கு முன்னால் நிறுத்தி எண்ணச் சொன்னேன். 'ஒன், டூ' என்று பதினாறு வரை ஒரே குரலில் எண்ணினார்கள். "மிஸ், இவ்வளவுதானா?" என்று ஒருத்தி கேட்டாள், அதுவும் ஆங்கிலத்தில்! நான் கற்றுக்கொடுத்த வாக்கியமே இல்லை அது.

பிறகு விளக்க மையத்துக்குள் போனோம். வந்து இறங்கியவர்களைப் பதிவு செய்த விதத்தைச் சொன்னேன். உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஆளுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். முதல் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த அதே கேள்விகள்! இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் எழுத்தர், ஒருவர் கப்பலிலிருந்து இறங்கியவர் என்று வைத்தேன். வகுப்பில் முணுமுணுக்கும் பையன் இங்கே எழுத்தராகி, "ஸ்பெல் இட், ப்ளீஸ்" என்று அதட்டினான்.

அவனுக்கு எதிரே நின்றவன் தன் குடும்பப் பெயரைப் பள்ளியில் கூப்பிடுகிறபடி 'வீராபென்' என்றான். நோட்டில் அதைத் தமிழில் எழுதிக் காட்டி, "எங்கள் ஊரில் இதை வீரப்பன் என்போம்" என்றேன். அந்த ஐந்து எழுத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னான், தந்தேன்.

ஒரு வருத்தம், அது இடத்தைப் பற்றியதல்ல. நாங்கள் பேசிவைத்த வேன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. அதற்குள் பிள்ளைகள் பாதி சோர்ந்துவிட்டார்கள். அடுத்த தடவை மெட்ரோதான்: ரோஸ் ஹில்லில் ஏறினால் போர்ட் லூயிஸ் விக்டோரியா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

ஏழு வயதுக்குக் கீழே கூட்டிப் போகாதீர்கள். ஓடியாட இடமில்லாததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்களை நிறுத்துவது கஷ்டம். நாங்கள் அங்கிருந்து கம்பெனித் தோட்டம் என்ற பூங்காவுக்கு நடந்து, ஆலமர நிழலில் தால் பூரி சாப்பிட்டோம். ஜோடி ஜோடியாகத்தான் மடித்துக் கொடுப்பார்கள், சின்ன வயிற்றுக்கு ஒரு ஜோடி தாராளம். சாப்பிடும்போதும் ஒருவரையொருவர் "வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்?" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியமே மூடிவிடுவார்கள். வார நாளில் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் படிகளைப் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஒரு பென்சிலும் அட்டையும் கொடுத்தால் போதும்.