360 மொடெனாவா, எஃப்430யா: எது பர்ஸ கம்மியா கடிக்கும்?

பழைய ஃபெராரி ஆசை வந்தா பாதி பேரு இந்த ரெண்டுலதான் வந்து நிப்பாங்க, வெளிய பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் எஞ்சின் வேற. 1999ல வந்த 360ல 3.6 லிட்டர் வி8, வால்வுகள தெறந்து மூடுற கேம்ஷாஃப்ட்ட சுத்துறது ரப்பர் டைமிங் பெல்ட்டு, வண்டி ஷெட்டுலயே தூங்கினாலும் 3 வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும்பாங்க, அறுந்துச்சுன்னா பிஸ்டன் போய் வால்வ முட்டி எஞ்சினே காலி. ஒரே ஆறுதல், முந்தின மாடலான 355 மாதிரி எஞ்சின வெளிய இறக்க வேணாம், சீட்டுக்குப் பின்னாடி இருக்குற மூடிய கழட்டி அது வழியாவே முடிச்சிடலாம்.

2004ல வந்த எஃப்430ல 4.3 லிட்டர், பெல்ட்டுக்கு பதிலா செயின், அந்தச் செலவே கிடையாது. அதுக்காக சும்மா ஓடும்னு நெனைக்காதீங்க, எஞ்சின் புகைய வெளிய கொண்டுபோற குழாய்த் தொகுப்பு, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், விரிசல் விடுறது இதோட பேர்போன வியாதி.

எஃப்1 கியர்பாக்ஸ்னா (கிளட்ச் பெடல் இல்லாம, ஸ்டீயரிங் பின்னாடி இருக்குற துடுப்புல கியர் மாத்துறது) ரெண்டுலயும் கிளட்ச்தான் தலவலி, டிராஃபிக்ல ஊர்ந்தாலும் மேட்டுல ரிவர்ஸ் எடுத்தாலும் வெண்ணெய் மாதிரி கரையும், ஸ்கேனர் மாட்டி எத்தன சதவீதம் தேஞ்சிருக்குன்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. உள்ள பட்டன்லாம் பிசுபிசுன்னு கையில ஒட்டும் (இத்தாலிக்காரன் வேலை!), அது ரெண்டுக்கும் பொது.

வாங்குற விலை கூடன்னாலும் என் ஓட்டு 430க்குதான், பெல்ட் மாத்துன பில் இல்லாத 360 பக்கமே போக மாட்டேன்.