தண்ணீர்க் குழாயிடம் தோற்ற பேய்: ஒரு ரேடியோ நாடகம்

பேய்க் காமெடி என்றாலே முகத்தில் மாவு பூசிய உருவமும் அதைப் பார்த்து அலறி ஓடும் கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த நாடகத்தில் அதற்கு வழியே இல்லை, ரேடியோவுக்கென்றே எழுதியது, 45 நிமிடம், மொத்தம் நாலே குரல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் ஒரு தடவை கேட்டேன், மறுநாள் துணி மடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் இன்னொரு தடவை. முதலில் கேட்ட மாதிரிதான் கேட்க வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

கதை சின்னதுதான். ஒரு பழைய வீட்டுக்குக் கணவன் மனைவி குடிவருகிறார்கள். அங்கே பல வருஷமாக ஒரு வயதான பேய் இருக்கிறது, புதிதாக வந்தவர்களைப் பயமுறுத்த வேண்டும் என்று தினமும் ராத்திரி சங்கிலியை இழுக்கிறது, முனகுகிறது, சுவரைத் தட்டுகிறது. ஆனால் அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதைவிடப் பலமாக முனகுகிறது! பேய் என்ன செய்தாலும் இவர்கள் குழாய்தான் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள், கடைசியில் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த பிளம்பர் வருகிற காட்சிக்காகவே இதைக் கேட்கலாம். அவர் சுவரில் காதை வைத்து, "கொஞ்சம் சும்மா இருங்க சார், குழாய்ச் சத்தம் எங்கேன்னு பார்க்கணும்" என்கிறார். பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. பேய் சட்டென்று நிறுத்திவிடுகிறது. ஒரு மூன்று நொடி எதுவுமே கேட்காது, ரேடியோவில் மூன்று நொடி என்பது ரொம்ப நீளம். அப்புறம் பேய் மெதுவாக, "என்னையா சொன்னீங்க?" என்று கேட்கிறது. அதுவரை பேயின் குரலுக்குப் போட்டிருந்த எக்கோ அந்த வரியில் இல்லை. பயமுறுத்தும்போது மட்டும் எக்கோ, மனசு விட்டுப் பேசும்போது வெறும் குரல் என்று பிரித்துச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் இந்த எக்கோவுக்காக ஒரு காலி அறையில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, குரலை அதற்குள் அனுப்பித் திரும்பப் பிடிப்பார்கள். இப்போது ஒரு பட்டனில் வந்துவிடுகிறது, அதனால் எல்லாரும் அள்ளித் தெளிக்கிறார்கள். இங்கே அளவாக இருக்கிறது.

பேய்க் கதைக்கு ரேடியோதான் இயல்பான இடம் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. மேடையில் பேயைக் காட்டியாக வேண்டும், ரேடியோவிலோ உயிரோடு இருப்பவரும் செத்தவரும் ஒரே மாதிரி வெறும் குரல்தான். ரேடியோவுக்கென்றே எழுதிய முதல் நாடகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் நாடகம், அதுவே நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து இருட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றியது. கேட்பவருக்குத் தெரியாதது பாத்திரங்களுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்ற அந்த யோசனை இங்கேயும் அழகாக வேலை செய்கிறது. ஒரு காட்சியில் கணவனும் பேயும் சண்டை போடுவதை முழுதாகக் கேட்கிறோம். மனைவி கதவைத் திறந்ததும் பேயின் வரிகள் நின்றுவிடுகின்றன, கணவனுடைய பாதி மட்டும் வருகிறது, நடுநடுவே இடைவெளி, நாம் இப்போது மனைவியின் காதில் உட்கார்ந்திருக்கிறோம். துணி மடித்துக்கொண்டு கேட்டபோது இந்த இடம் எனக்குப் பிடிபடவே இல்லை, ஏதோ ஒலி விட்டுப்போய்விட்டது போல இருந்தது. அதனால்தான் ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

குறையும் உண்டு. முதல் ஐந்து நிமிடம் ரேடியோ நாடகத்தின் பழைய வியாதி, "இதோ நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன்" என்கிற ரகத்தில் ஆளாளுக்கு வர்ணனை. மரப்படி கிறீச்சிடுவது தெளிவாகக் கேட்கும்போது அதைச் சொல்லவும் வேண்டுமா? காட்சிக்குக் காட்சி வருகிற இசையும் அதிகம், சிரிப்பு அடங்குவதற்குள் வந்து மூடிவிடுகிறது. மனைவி பாத்திரத்துக்கு இன்னும் நாலு நல்ல வரி கொடுத்திருக்கலாம், அவர் குரலில் அவ்வளவு உயிர் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு கேட்கலாம், பயப்பட ஒன்றும் இல்லை. முடிவைச் சொல்லமாட்டேன். நடித்தவர்கள் பெயரை வாசிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள், அதற்குப் பிறகு சுவரில் ஒரு தட்டு கேட்கும்.