தாரில் மெழுகு: நம்ம கடற்கரை மழைக்கு எது தாங்கும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமச் சாலையில், குழியின் ஓரத்தைக் கையாலேயே பெயர்த்துப் பார்த்தேன். மேல் தோல் கறுப்பாகத்தான் இருந்தது. அடியில் இருந்த ஜல்லியோ தேய்த்துக் கழுவி வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் வெறும் கல்லாகக் கிடந்தது. லாரி ஏறி உடைந்த சாலை என்றால் கல்லோடு தாரும் சேர்ந்தே பெயரும். இங்கே தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் பிரித்துவிட்டது.

தார்க் கலவைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன் நான். இந்தப் பக்கம் காண்ட்ராக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மெழுகு கலந்த தார் போடலாமா? மழைக்குத் தாங்குமா?” ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முதலில் எந்த மெழுகு என்று கேட்க வேண்டும்.

கச்சா எண்ணெயோடு பிறந்தே வரும் மெழுகு ஒன்று. இது பாரஃபின் வகை, மூலக்கூறுச் சங்கிலி சிறியது, ஏறத்தாழ 22 முதல் 45 கார்பன் வரை. கத்திரி வெயிலில் நம் சாலைகளின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டுக்கே இது இளகிவிடும். இன்னொன்று தொழிற்சாலையில் செய்து, நாமாகச் சேர்க்கும் மெழுகு. 1920களில் ஜெர்மனியில் ஃபிஷர், ட்ராப்ஷ் என்ற இருவர் கண்டுபிடித்த முறையில் தயாராவது. சாசோபிட் என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். இதன் சங்கிலி 40 முதல் 115 கார்பன் வரை நீளும். 100 டிகிரியை ஒட்டித்தான் உருகும், அதற்குக் கீழே இறுகித் தாருக்குள் வலைபோல நிற்கும். அதனால் வெயிலில் சக்கரத்தடம் பதிவது குறையும்.

ஈரத்துக்கு எதிராக நிற்பதில் முதல் வகைக்கு நான் ஆதரவு சொல்ல மாட்டேன். பண்ருட்டிப் பலாப்பழம் அரிந்த எவருக்கும் காரணம் புரியும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பலாப்பால் ஒட்டாது. தார் கல்லைப் பிடிப்பது அதிலுள்ள மின்முனைவு கொண்ட, அதாவது ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னுமாக இருக்கும் மூலக்கூறுகளால். மெழுகுக்கு அந்தக் குணம் கிடையாது. அது கல்லின் முகத்துக்கு வந்து படிந்தால், தடவிய எண்ணெய் செய்யும் வேலையைத்தான் செய்யும். தண்ணீருக்கு வழி திறந்துவிடும். அசாம் கச்சா எண்ணெயிலிருந்து வந்த தாரை நம் இந்தியத் தரநிர்ணயம் ஒரு காலத்தில் ‘ஏ’ வகை என்று தனியாகவும், மற்றதை ‘எஸ்’ வகை என்றும் பிரித்து வைத்திருந்தது. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம்.

இரண்டாவது வகையில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. தார் எடையில் 3 சதவீதம் போல இதைச் சேர்த்தால், சூட்டில் தார் நன்றாக நீர்த்துப் போகும். விஜி-30 என்பது சாலைக்கு வழக்கமாகப் போடும் தாரின் ஒரு தரம். அதை 150, 160 டிகிரியில் கலக்கும் இடத்தில் 20, 30 டிகிரி குறைத்தே கலக்கலாம். டீசல் மிச்சம், புகை குறைவு. நம் ஊருக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஜல்லி வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வருகிறது. கலவை டிப்பரில் ஏறி, நெரிசலில் நின்று நின்று கடற்கரைக் குப்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். ஆறிய கலவை ரோலருக்கு மசியாது. மசியாவிட்டால் உள்ளே காற்றிடைவெளி தங்கும், அந்த இடைவெளிதான் மழைநீர் குடியிருக்கும் வீடு. மெழுகு சேர்த்த கலவை சற்று ஆறினாலும் ரோலருக்கு அடங்கும்.

அப்படியென்றால் மெழுகு நல்லதுதானே? ஒட்டும் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறது, இடைவெளியை நன்றாக அடைக்கிறது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளும் ஒரே பக்கமாகச் சாயவில்லை. கல்லின் வகை, கல்லின் ஈரம், சேர்த்த அளவு என ஒவ்வொன்றுக்கும் முடிவு மாறுகிறது.

என்னைப் பயமுறுத்துவது கல்லின் ஈரம்தான். ஐப்பசி மழையில் குவாரிக் குவியல் நனைந்தே கிடக்கும். 160 டிகிரிக்குச் சூடேற்றினால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். மெழுகு இருக்கிறதே என்று சூட்டைக் குறைத்தால் மேல்முகம் காய்ந்து, உள்ளீரம் அப்படியே இருக்கும். தார் அதன்மேல் அழகாகப் பூசிக்கொள்ளும், பளபளவென்று மின்னும். இரண்டு மழை கழித்து உள்ளிருந்தே உரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கார்த்திகை மாதம் நாங்கள் போட்ட சிறு சாலை இப்படித்தான் போனது. ரோலர் ஓட்டும் அண்ணன் அன்றே சொன்னார், “தம்பி, கலவையிலிருந்து ஆவி வருது பாரு, இது புகை இல்ல.” எனக்கு அப்போது புரியவில்லை.

மெழுகு இல்லாமல் ஈரத்தைத் தடுக்கும் இன்னொரு வழி நீற்றுச் சுண்ணாம்பு. ஜல்லி எடையில் 1 முதல் 2 சதவீதம். தாரிலுள்ள அமிலங்களோடு கால்சியம் சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாக மாறி, கல்லோடு தாரைக் கட்டிப்போடும். நம் கருங்கல்லில் சிலிக்கா அதிகம், தண்ணீரை விரும்பும் கல் அது. அதற்கு ஏற்ற மருந்து சுண்ணாம்பு. விலையும் குறைவு. தொல்லை என்னவென்றால் தூசு பறக்கும், சீராகக் கலக்கத் தனி ஏற்பாடு வேண்டும். சின்ன பிளாண்டுகளில் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டுக் கலந்துவிட்டோம் என்று எழுதிக்கொள்வதும் நடக்கிறது. சுண்ணாம்புக்குப் பதில் சிலேன் என்ற, சிலிக்கான் கொண்ட வேதிப்பொருள் வகைத் திரவம் கிடைக்கிறது. தார் எடையில் 0.1 சதவீதம் போதும், கல்லின் முகத்தையே தண்ணீர் ஒட்டாததாக மாற்றிவிடும். சூட்டையும் ஓரளவு குறைக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடத்தில் இரண்டு சோதனை செய்யாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 200 கிராம் ஜல்லியில் 5 சதவீதம் தார் பூசி, 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் போடுவது ஒன்று. மறுநாள் காலை குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், உரிந்த கல்லின் விளிம்பு நகக்கண்போல வெளுத்துத் தெரியும். 95 சதவீதம் பூச்சு நிற்க வேண்டும். இன்னொன்று, கலவை வில்லைகளை உலர்ந்த நிலையிலும் ஊறவைத்தும் உடைத்துப் பார்ப்பது. ஊறியது, உலர்ந்ததன் வலுவில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். முதல் சோதனையில் கண்ணை ஏமாற்றும் கலவை இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். மெழுகுக் கலவைக்கு இரண்டாவதைத்தான் நான் நம்புகிறேன், அதுவும் குவியலிலிருந்து அன்று எடுத்த கல்லை வைத்து.

என் முடிவு இதுதான். மாசி முதல் ஆவணி வரை, கல் காய்ந்திருக்கும்போது, தூரம் அதிகமென்றால் செயற்கை மெழுகு போடலாம், ஆனால் சுண்ணாம்போ சிலேனோ துணைக்கு வேண்டும். கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி, கடலூர் முதுநகர் மாதிரித் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த இடங்களில் மெழுகை மட்டும் நம்பிப் போடுவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கே சுண்ணாம்பு சேர்த்த விஜி-30, முழுச் சூட்டில். புரட்டாசி கடைசிக்குள் முடியாத வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். தள்ளவே முடியாதென்றால் ஜல்லிக் குவியலுக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டுங்கள். வடக்கிலிருந்து சாரல் அடிக்கும், அந்தப் பக்கம் தாழ்த்திக் கட்டுங்கள்.